தானாக வெடித்த துப்பாக்கி

1

"அந்தப் பிள்ள சுட்டாளா, இல்ல துப்பாக்கி தானா வெடிச்சுதா?"

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஓர் அக்கா கேட்ட கேள்வி இது. தென்காசியில் நண்பர் ஒருவரின் மாடி அறை. சாரல் காலம். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று பாதி ஊர் குற்றாலத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பதினைந்து பேர் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி இரண்டு துப்பறியும் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தோம். ஒன்று, எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). மற்றது, பிரெஞ்சு இயக்குநர் ஆன்றி-ஜார்ஜ் க்ளூஸோவின் 'கே தெ ஓர்ஃபெவ்ர்' (1947). கேள்வி கேட்ட அக்கா பீடி சுற்றுகிறவர், சங்கத்தில் இருக்கிறவர். அன்று அவருக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. 'அந்த நாள்' பற்றி நாம் வழக்கமாகப் பேசுகிற எதையும்விட அந்தக் கேள்வி முக்கியமானது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

வந்திருந்தவர்களில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், "படத்தை ரசிங்க சார், போஸ்ட்மார்ட்டம் பண்ணாதீங்க" என்றார். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர் அது. 'அந்த நாள்' வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1954 பிப்ரவரியில் அவர் மறைந்தார். ஆனால் டி.கே.சி.யே ஒரு வகையில் பெரிய துப்பறிவாளர்தான். கம்பராமாயணத்தில் எது கம்பன் பாட்டு, எது பிறர் செருகியது என்று தன் காதை மட்டுமே சாட்சியாக வைத்துத் தீர்ப்பு எழுதியவர். ரசனையும் ஒரு விசாரணைதான். விசாரிக்கிறவர் யார், அவருக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தது யார் என்ற கேள்வி மட்டும் ரசனை மரபில் எழுவதே இல்லை. துப்பறியும் படத்தைப் பார்க்கும்போதும் நாம் அதைக் கேட்பதில்லை. கொலை செய்தது யார் என்று கடைசிவரை மண்டையை உடைத்துக்கொள்கிறோம். எதிரே உட்கார்ந்து எழுதிக்கொள்கிறவரைப் பார்ப்பதே இல்லை.

2

'அந்த நாள்' பற்றி எல்லோரும் சொல்கிற சேதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ.வி.எம். தயாரிப்பு. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்தவர் ஒரு வீணை வித்துவான். குரோசாவாவின் 'ரஷோமான்' (1950) பாதிப்பு உண்டு. முதலில் வெளியானபோது வசூலில் வெற்றி பெறவில்லை. இதெல்லாம் சாதனைப் பட்டியல். பட்டியல் போடுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வது நமது சினிமா எழுத்தின் நோய்.

பிரதிக்குள் போவோம். முதல் சில நிமிடங்களுக்குள் துப்பாக்கிச் சத்தம். ராஜன் (சிவாஜி கணேசன்) விழுந்து சாகிறான். 1943 அக்டோபர், சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய சமயம். ராஜன் ரேடியோ எஞ்சினியர். சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் (ஜாவர் சீதாராமன்) வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனின் ஆசைநாயகி, மனைவி உஷா (பண்டரிபாய்) என்று ஒவ்வொருவரும் தம் கதையைச் சொல்லி, சந்தேகத்தை இன்னொருவர் மேல் திருப்புகிறார்கள். ஒவ்வொருவர் சொல்லிலும் ஒவ்வொரு ராஜன். கடைசியில் உண்மை வருகிறது: ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்ன தேசத்துரோகி. தான் கண்டுபிடித்த மலிவு ரேடியோவுக்கு அரசு கைவிரித்துவிட்ட கசப்பில் அந்தப் பக்கம் போனவன். அவன் இறந்தது உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியால்.

'ரஷோமா'னோடு ஒப்பிடுகிறவர்கள் ஒற்றுமையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இரண்டு வேறுபாடுகள்தான் முக்கியம்.

ஒன்று, 'ரஷோமா'னில் செத்தவனும் பேசுகிறான். ஆவி இறங்கிய பெண்ணின் வாய் வழியாக அவனும் ஒரு வாக்குமூலம் கொடுக்கிறான். அதுவும் மற்றவர்களுடையதைப் போலவே நம்ப முடியாததாக இருக்கிறது. 'அந்த நா'ளில் ராஜனுக்கு வாக்குமூலம் இல்லை. படம் முழுக்கச் சிவாஜி பேசிக்கொண்டே இருக்கிறார். ஆனால் அத்தனையும் அடுத்தவர் நினைவுக்குள் இருந்துகொண்டு பேசுகிற பேச்சு. துரோகி தன் கதையைத் தானே சொல்லப் பிரதி இடம் வைக்கவில்லை.

இரண்டாவது, 'ரஷோமா'னில் விசாரிக்கிறவரை நாம் பார்ப்பதே இல்லை. சாட்சிகள் கேமராவைப் பார்த்து, அதாவது நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். நாற்காலி காலியாக இருக்கிறது. பார்வையாளன் அதில் உட்கார்ந்து திணற வேண்டியிருக்கிறது. 'அந்த நா'ளில் அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. பதற்றமில்லாத, படித்த, நியாயமான ஒரு சி.ஐ.டி. வீட்டில் இருக்கிற எல்லோர் மேலும் கறை. அவர் மேல் மட்டும் இல்லை. அதனால் நமக்குத் திணறல் மிச்சம். உண்மை பலவாக இருக்கலாம் என்று சொல்ல வந்த கதை வடிவம், உண்மை ஒன்றே, அது போலீஸிடம் பத்திரமாக இருக்கிறது என்று இங்கே முடிகிறது. இன்னொரு தகவலைச் சேர்த்துப் பாருங்கள். திரைக்கதை, வசனம் எழுதியவரும் ஜாவர் சீதாராமன்தான். சாட்சிகளின் பேச்சை எழுதியவரே அதிகாரி வேஷத்தில் உட்கார்ந்து, அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார். இது தற்செயல்தான். ஆனாலும் சில தற்செயல்கள் ஒரு படத்தின் கருத்தியலை அதன் வசனத்தைவிடத் தெளிவாகப் பேசிவிடும். இந்தத் தற்செயலுக்குத் திரும்ப வருவேன்.

3

சிவானந்தம் எந்த அரசாங்கத்தின் சி.ஐ.டி.?

1943இல் வேறு எது இருந்தது, வெள்ளைக்கார அரசாங்கம்தான். 1902-03 போலீஸ் கமிஷனுக்குப் பிறகு மாகாணங்களில் உருவான சி.ஐ.டி.க்குக் கொலை, கொள்ளை தவிர இன்னொரு வேலையும் இருந்தது: அரசியல்காரர்களை மோப்பம் பிடிப்பது. பாரதி 1908இல் பிரெஞ்சுப் பாண்டிச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தபின் அவர் வாசலில் காவல் கிடந்தவர்கள் இந்த சி.ஐ.டி.க்காரர்களும் அவர்கள் அமர்த்திய ஒற்றர்களும்தான். நம் தாத்தாக்கள் காலத்தில் 'அவன் சி.ஐ.டி.டா' என்றால் காட்டிக்கொடுக்கிறவன் என்று பொருள். 1954இல் அதே சொல் தேசத்தின் மனசாட்சியாக மாறி, சூட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது.

படம் நடப்பதாகச் சொல்லும் மாதத்தைக் கவனிப்போம். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் பிடிபட்டவர்கள் சிறையில் இருக்கிறார்கள். இங்கிருந்து கிழக்கே, குலசேகரப்பட்டினம் உப்பளத்தில் 1942 செப்டம்பரில் லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்ட வழக்கில் காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் தூக்கு என்று தீர்ப்பாகியிருந்தது. தண்டனை பின்னால் குறைந்தது. 1943 அக்டோபர் 21 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில், ஜப்பானின் துணையோடு, ஆசாத் ஹிந்த் அரசை அறிவிக்கிறார். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்குகிறது. அதன் தலைவி சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி. அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் பெரும் பகுதி மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழச்சிகள்.

ஒரே மாதம். சிங்கப்பூரில் ஒரு சென்னைப் பெண் ஜப்பானின் பக்கம் நின்று வெள்ளையனுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்குகிறாள். திரையில் இன்னொரு சென்னைப் பெண், ஜப்பானுக்கு உதவுகிற புருஷனுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்குகிறாள். இருவர் பெயரும் தேசபக்தி. 'அந்த நாள்' இரண்டாமவளை மட்டும் காட்டுகிறது. முதலாமவளைப் பற்றி மௌனம். இந்த மௌனம்தான் படத்தின் உண்மையான மர்மம். ராஜனைக் கொன்றது யார் என்பதைக் காட்டிலும், ராஜன் எந்த தேசத்துக்குத் துரோகம் செய்தான் என்பதுதான் விசாரிக்கப்பட வேண்டியது. 1943இல் 'தேசம்' என்று ஒன்று ஆட்சியில் இல்லை. 1954இன் தேசத்தைப் பதினோரு வருடம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டுபோய் வைத்து, அதன் பெயரால் படம் தீர்ப்புச் சொல்கிறது.

ஜப்பானுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சயாம் மரண ரயில் பாதையில் மலேயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தது ஜப்பானியர் கையில்தான். ராஜன் போஸின் ஆளும் அல்ல, கசப்பில் விலைபோனவன். சென்னை மேல் குண்டு விழ வழி சொல்கிறவனைத் தடுப்பது நியாயம் என்று உஷா நினைப்பதில் தப்பில்லை. நான் சொல்வது வேறு. இவ்வளவு சிக்கலான ஒரு காலத்தைத் துரோகி, பக்தை என்ற இரண்டு சொல்லுக்குள் அடைத்துவிட முடிந்தது எதனால்? விசாரிக்கிற நாற்காலியை யாரும் விசாரிக்காததால்தான்.

4

இப்போது அக்காவின் கேள்வி.

உஷா துப்பாக்கியை நீட்டுகிறாள். சுடத்தான் நினைக்கிறாள். மனம் தளர்கிறது. அப்புறம் தற்செயலாக விசை அழுந்தி, குண்டு பாய்ந்துவிடுகிறது.

அன்று ஆசிரியர் இதைச் "சோகத்தை உயர்த்துகிற உத்தி" என்றார். அக்கா விடவில்லை. "தைரியமா சுட்டான்னு காட்டுனா என்ன சார் கெட்டுப்போச்சு?" என்றார். என்ன கெட்டுப்போகும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேசம் உஷாவிடம் புருஷனைக் கொல் என்கிறது. தமிழ்க் குடும்பக் கதையாடல், புருஷன் எப்படிப்பட்டவனானாலும் புருஷன் என்கிறது. இரண்டு கட்டளையையும் ஒரே உடம்பில் நிறைவேற்ற ஒரே வழிதான் உண்டு. கொலை நடக்க வேண்டும், அவள் செய்திருக்கக் கூடாது. துப்பாக்கி தானாக வெடித்தாக வேண்டும். தேசபக்தியும் பதிபக்தியும் மோதிக்கொள்ளாமல் தப்பிக்கப் படம் கண்டுபிடித்த சந்து அது. சந்து வழியாகத் தப்பிப்பவை இரண்டு பக்திகள். பலி கொடுக்கப்படுவது உஷாவின் செயல். பகத்சிங்குக்குக் கிடைக்கும் 'நான் செய்தேன்' என்ற சொல் உஷாவுக்கு மறுக்கப்படுகிறது. ராஜனுக்கு வாக்குமூலம் இல்லை என்றால், உஷாவுக்கு வாக்குமூலம் உண்டு, அதில் எழுவாய் இல்லை.

இருந்தும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோணலாகச் சாய்ந்த கேமரா, நிழல், மாடிப்படி, இவற்றுக்கு நடுவில் பண்டரிபாயின் முகம். வசனம் சொல்லாத ஒன்றை அந்த முகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கதை அவளை நிரபராதியாக்கப் பார்க்கிறது. முகம் 'ஆமாம், நான்தான்' என்கிறது. பிரதியின் விரிசல் அந்த முகத்தில்தான். எழுபது வருடம் கழித்தும் இந்தப் படத்தைப் பார்க்க முடிவது அதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

5

க்ளூஸோவுக்கு வருவோம். 1943ஆம் ஆண்டுக்கு அவரிடமும் ஒரு கணக்கு உண்டு. ஜெர்மானியப் பிடியில் பிரான்ஸ் இருந்தபோது, ஜெர்மானியர் நடத்திய கான்டினென்டல் கம்பெனிக்காக 'லெ கொர்போ' (காகம்) எடுத்தார். ஒரு சிற்றூரில் மொட்டைக் கடுதாசிகள் வருகின்றன. ஊரே ஒருவரையொருவர் சந்தேகிக்கிறது. 1943இல் வெளியான அந்தப் படத்துக்காக, விடுதலைக்குப் பின் அவரைத் துரோகி என்று சொல்லி, படம் எடுக்கத் தடை போட்டார்கள். தடை பிற்பாடு தளர்ந்தது. திரும்பி வந்து அவர் எடுத்த படம்தான் 'கே தெ ஓர்ஃபெவ்ர்'. பாரிஸ் போலீஸ் தலைமையகம் இருந்த ஆற்றங்கரைத் தெருவின் பெயர் அது. துரோகி என்று நாற்காலிக்கு எதிரே ஒருமுறை நிறுத்தப்பட்டவன் எடுத்த துப்பறியும் படம் என்பதை மறக்காமல் பார்க்க வேண்டும்.

கதை எளிமையானது. பாட்டுக்காரி ஜென்னி, பியானோ வாசிக்கும் பொறாமைக்காரப் புருஷன் மொரீஸ், பெண்பித்துப் பிடித்த பணக்காரக் கிழவன். கிழவன் கொல்லப்படுகிறான். மொரீஸ் தான் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறான். ஜென்னி தானே கொன்றுவிட்டதாக நினைக்கிறாள். ஜென்னியை மனசுக்குள் காதலிக்கும் போட்டோக்காரி தோரா தடயத்தை அழிக்கப் போகிறாள். உண்மையில் கொன்றவன் எங்கேயோ இருந்து வந்த கார் திருடன். மூலம் ஸ்தீமானின் நாவல். கையில் பிரதி கிடைக்காமல் ஞாபகத்திலிருந்து திரைக்கதை எழுதி, கொலையாளியையே மாற்றிவிட்டார்கள். மாற்ற முடிந்தது என்பதே செய்தி. யார் கொன்றது என்பதில் க்ளூஸோவுக்கு அக்கறை இல்லை. அவர் பார்ப்பது இன்ஸ்பெக்டர் அந்துவானை (லூயி ஜூவே), அவர் வேலை பார்க்கிற அந்த அழுக்கு அலுவலகத்தை, விசாரணை நடக்கிற விதத்தை.

ஒரு காட்சியில் எங்கள் அறை அமைதியாகிவிட்டது. ஒரு டாக்சிக்காரர். கொலை நடந்த இரவு தோராவை வண்டியில் ஏற்றியவர். அடையாளம் காட்ட அவருக்கு விருப்பமில்லை. போலீஸ்காரர்கள் அவரை அடிக்கவில்லை. பிழைப்பில் கைவைப்போம் என்று ஜாடை காட்டுகிறார்கள். அவ்வளவுதான். அவர் தோராவைக் காட்டிவிட்டு, அவளிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். அவர் சொன்னது உண்மைதான், பொய் இல்லை. உண்மை எப்படிப் பிழிந்து எடுக்கப்படுகிறது என்பதைக் க்ளூஸோ மறைக்கவில்லை. "சாத்தான்குளத்துக்கு அப்புறம் இத எப்படி சார் வெறும் சினிமான்னு பாக்கது?" என்றார் கூட இருந்த வக்கீல். 2020 ஜூனில் தந்தையும் மகனுமாக இருவரைப் போலீஸ் சித்திரவதைக்குப் பறிகொடுத்த ஊரை அங்கே யாருக்கும் விளக்கத் தேவைப்படவில்லை.

க்ளூஸோவையும் கும்பிட்டு விட்டுவிட முடியாது. அந்துவான் காலனிப் படையில் இருந்தவர். அங்கிருந்து கூட்டிவந்த கலப்பினப் பையனை மகனாக வளர்க்கிறார். கிறிஸ்துமஸ் காலைப் பனியில் அந்தப் பையனோடு அவர் நடந்துபோகும்போது நமக்கு மனசு இளகுகிறது. இளக வேண்டும் என்றுதான் பையன் இருக்கிறான். அவன் அம்மா யார், காலனியில் அந்துவான் யாரை எப்படி விசாரித்தார் என்று படம் கேட்கவில்லை. 1947இல் மடகாஸ்கரில் பிரெஞ்சுப் படை கிளர்ச்சியை நசுக்கிக்கொண்டிருந்தது. பாரிஸ் நாற்காலியைத் துணிந்து காட்டியவர், காலனி நாற்காலியின் மேல் ஒரு குழந்தையை உட்காரவைத்து மறைத்துவிட்டார். ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. இந்தப் படத்தில் போலீஸ்காரன் களைத்தவன், அழுக்கானவன், நம்மைப் போல ஒருவன். அவனை நாம் எதிர்த்துக் கேட்க முடியும். சிவானந்தத்தை அப்படிக் கேட்க முடியாது. அவர் தேசமாகிவிட்டார்.

6

எங்கள் பக்கத்துக்கும் ஒரு பழைய துப்பறியும் கதை உண்டு. தென்காசியிலிருந்து சில மைல் தூரம் செங்கோட்டை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் ஊர். துப்பாக்கி சுடப் பழகியது பிரெஞ்சுப் பாண்டிச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். கொலையாளி யார் என்று முதல் நிமிடமே தெரிந்துவிட்ட வழக்கு. சட்டைப் பையில் கையெழுத்தோடு கடிதம் வேறு. நீலகண்ட பிரம்மச்சாரி முதலானோர் மேல் சதி வழக்கு நடந்து தண்டனையும் கொடுத்தாயிற்று. இருந்தும் விசாரணை முடியவில்லை. கடிதத்தில் இருக்கும் சனாதன தர்மம் யாருடைய தர்மம்? அது தேசபக்தியா, வருணத்தைக் காக்கும் வெறியா? சிறுபத்திரிகைகளில் இந்தச் சண்டையை நாம் பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர். அவர் எந்த தேசத்துக்காகச் சுட்டார்? கொலையாளி கிடைத்துவிட்டால் கேள்வி தீர்ந்தது என்பது துப்பறியும் படம் சொல்லித்தரும் பொய். பல சமயம் கேள்வி அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

வாக்குமூலத்தை எழுதியவரே அதிகாரியாக உட்கார்ந்த தற்செயலுக்குத் திரும்பி வருவதாகச் சொன்னேன். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது அது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. சட்டம் எழுதிய வெள்ளைக்காரனே தன் போலீஸை நம்பவில்லை. சுதந்திர தேசம் நம்பியது. 1987இன் தடாச் சட்டம், போலீஸ் உயரதிகாரி பதிவுசெய்யும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. 2002இன் பொடாவும் அப்படியே. ராஜீவ் கொலை வழக்கில் 1998இல் 26 பேருக்குத் தூக்கு என்று தடா நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த வாக்குமூலங்கள்தான் அதன் முதுகெலும்பு. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013இல் பகிரங்கமாகச் சொன்னார்: தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அந்த இளைஞன் சொன்னதை அப்படியே எழுதாமல் விட்டுவிட்டேன் என்று. பேரறிவாளன் விடுதலையானது 2022இல்.

ஒரு வாக்கியம். எழுதுகிறவர் விட்டுவிட்ட ஒரு வாக்கியம். சாட்சியின் வசனத்தை அதிகாரி எழுதுகிறார்; அதை அவரே கேட்டுத் தலையாட்டுகிறார். 1954இல் திரையில் நாம் ரசித்த அதே ஏற்பாடு. 'அந்த நாள்' பார்த்ததால் தடா வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அசட்டுத்தனம். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் பொய்யர்கள், எழுதிக்கொள்கிறவர் மட்டும் சுத்தம் என்ற பார்வைப் பழக்கம் நம் மண்டைக்குள் எவ்வளவு காலமாக, எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். அந்தப் பழக்கம் இல்லாமல் அப்படி ஒரு சட்டத்தைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டிருப்போமா? மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' (2015) பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் பேச்சில்லாமல் நின்றார்கள் என்றால், காட்சியில் இருந்த அடி மட்டும் காரணம் இல்லை. நாற்காலி முதல்முறையாகத் தங்கள் பக்கம் திருப்பி வைக்கப்பட்டதை உணர்ந்தவர்கள் அவர்களில் பலர்.

அன்று ராத்திரி அக்காவை பஸ் ஏற்றிவிடப் போனேன். குற்றாலத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஈரத் தலையோடு கூட்டம். "அந்தப் பிள்ள சுட்டான்னே வெச்சுக்கிடுவோம் தம்பி" என்றார். "அவ வாயால சொல்ல விட்டா என்ன சொல்லியிருப்பா?"

எனக்குத் தெரியவில்லை. உஷாவின் வாக்குமூலத்தை இன்னும் யாரும் எழுதவில்லை. எழுதப்போகிறவர் அதிகாரியாக இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது.